விராலுக்கும் கெண்டைக்கும் நடுவில் நின்றவன்

ஏழுமலை இறந்த செய்தியை மதுராந்தகம் பஸ் கண்டக்டர்தான் எங்கள் லாரி ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார். "செங்கல்பட்டு ஆஸ்பத்திரில காலைல பூட்டாருண்ணா." மஞ்சள் காமாலை. அச்சரப்பாக்கத்தில் அவன் கடையில் பஞ்சர் ஒட்டியவர்கள் எல்லாரும் அவனிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். நான் இன்னும் அவன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். வைத்தியத்துக்குப் போடா என்று கத்தினேன். குளத்தில் வேலை கிடக்கிறது என்றான், படுபாவி.

எமர்ஜென்சி வந்த வருஷம்தான் தன் சொந்தக் குளத்தில் மீன் விட ஆரம்பித்தான். ஜிலேபிக் கெண்டைக் குஞ்சையும் விராலையும் ஒரே நாளில் விட்டான். அறுவடைக்கு வலை போட்டால் கொழுத்த விரால் மட்டும் வந்தது, கெண்டை ஒன்றுகூட இல்லை. ரோஷத்தில் மறுவருஷம் விராலே வேண்டாம் என்றான். ஜிலேபிக் கெண்டை கணக்கில்லாமல் பெருகி, தின்ன இரையின்றி எல்லாமே விரல் நீளத்தில் நின்றுவிட்டது. அதன் பிறகு, கெண்டை ஒரு சாண் வளர்ந்த பின்னரே, பெருகும் குஞ்சுகளை மட்டும் தின்னட்டும் என்று சின்ன விராலாகப் பார்த்து விட்டான். "ரெண்டுத்துக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்ணிகினு கீறேன்டா, எனக்கு ஏது தூக்கம்!" என்பான்.

ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தபோதும் அதே பேச்சுதான். "வெயிலு ஏறிகினு போவுது. தண்ணி முழங்காலுக்கு வர்றதுக்குள்ள விரால புடிச்சிடு. இல்லன்னா மொத்தக் கெண்டையும் துன்னு தீத்துடும். சரசுக்கும் பொண்ணுக்கும் அதான்டா சோறு."

அவனை எடுத்த மூன்றாம் நாள் குளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. வலையோடு போனேன். அவன் வீட்டு வாசலிலேயே அவன் பெரியப்பா வழி மறித்தார். "கருமாதி ஆவாம சாவு வூட்டுக் கொளத்துல வலை போடுவியா? தீட்டு! மீறி எறங்கினா பங்காளிங்க யாரும் இந்த வாசல மிதிக்க மாட்டோம்."

கருமாதி வரை விரால் காத்திருக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவன் மனைவி சரசு வந்தாள். அழுது அழுது அவள் குரலே போயிருந்தது.

"மாமா, அவரு பூட்டாரு. கெண்டையும் பூட்டா எம் பொண்ணு இன்னாத்த துன்னும்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எறங்குங்கண்ணா" என்றாள்.

இறங்கினேன். ஒரு முனையை அவளே பிடித்தாள். பிடித்த விரால்களின் வயிறு உப்பியிருந்தது. கெண்டையில் பாதிதான் மிச்சம்.

பெரியப்பா சொன்னபடியே செய்தார். கருமாதிக்குப் பங்காளி ஒருவரும் வரவில்லை. ஏழுமலைக்கு மகன் இல்லை. நாவிதர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு, "யாருப்பா உக்கார்றது?" என்று இரண்டு முறை கேட்டார். நான் அவனுக்கு உறவும் இல்லை, சாதியும் இல்லை. போய் உட்கார்ந்தேன்.

அவனுக்காக அடித்த மொட்டையும் அந்தக் குளத்துப் பொறுப்பும்தான் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஐப்பசியில் குளம் நிரம்பும். எத்தனை விரால் விடுவது என்று சரசு என்னைத்தான் கேட்பாள். சொல்லத் தெரிந்தவன் செத்துப்போய்விட்டான்.