துளிக்கு எதிரே நின்றவர்

இதைக் கையில் வாங்கும் பெரியோருக்கும் சிறியோருக்கும் முதலிலேயே தாழ்மையுடன் அறிவித்துக்கொள்கிறேன்: கீழே எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. “மாமா சொல்றதுல பாதியக் கழிச்சிடுங்க, மீதியையும் நம்பாதீங்க” என்பது என் அக்கா பிள்ளைகள் ஊருக்குச் சொல்லிவைத்திருக்கும் எச்சரிக்கை. என் அத்தான் ஞானப்பிரகாசம் அவர்கள் உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றி நான் சொன்னதை யாரும் நம்பியதில்லை. இப்போது மட்டும் நம்புங்கள் என்று கேட்பது முறையாகாது.

அவர் காலமான செய்தி எனக்குச் சுங்கை பாக்காப்பில், தோட்டத்து ஆபீசில் வந்து சேர்ந்தது. தந்திக்காரர் காகிதத்தை நீட்டியபோது அவர் தொப்பியிலிருந்து ஒரு மழைச்சொட்டு விழுந்து, அத்தானுடைய பெயரின் மேல் குந்திக்கொண்டது. அந்த எழுத்துகள் மட்டும் பூதக்கண்ணாடி வைத்ததுபோலப் பருத்துத் தெரிந்தன. துடைக்கக் கை வரவில்லை. “துளியத் தொடாதீங்க” என்று எத்தனை வருஷமாக அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பட்டர்வொர்த்தில் பினாங்குக்குப் படகேறினேன். அன்றைக்குக் கடல் அலையடிக்கவே இல்லை. ஒரே ஒரு பெரிய துளியாக உருண்டு திரண்டு அசையாமல் நின்றது. எங்கள் படகு அதன் முதுகின் மேல் எறும்புபோல ஊர்ந்து அக்கரை சேர்ந்தது. கப்பல் மாலுமிகள் ஆயிரம் பேர் இதற்குச் சாட்சி.

வீட்டில் அக்கா லூர்தம்மாள் அழுது முடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து, “அக்கா, ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்பட்டுமா? பெட்டியோட ஒரு படம் எடுத்துக்கலாம்” என்று கேட்டார். எல்லார் வீட்டிலும் வழக்கம் அதுதான்.

“வேணாம்” என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “தம்பி, முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கணும். அவுங்க நிக்கிற படம் ஒண்ணு வேணும். உசிரோட நிக்கிற படம். எங்கயாச்சும் இருக்கும், தேடு.”

வீடு முழுக்கப் படங்கள் இருந்தன. ஆனால் அத்தான் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் இல்லை என்பதைச் சொல்ல நான் கல்யாண நாளுக்குப் போகவேண்டும்.

எங்கள் அம்மாவை வாழ்நாளில் ஒரே ஒரு முறை படம் எடுத்தார்கள். அதுவும் சவப்பெட்டியில் வைத்து, நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று. அன்றிலிருந்து அக்காவுக்கு சவப்பெட்டியும் படம் பிடிக்கும் பெட்டியும் ஒன்று. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பினாள். கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வேறு மாப்பிள்ளையாக இருந்தால் சம்பந்தமே முறிந்திருக்கும். அத்தான் வந்தவருக்கு இலை போட்டு, நெய்ச்சோறு பரிமாறி, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். “உங்கக்கா பயப்படுது. படம் எங்க போயிடப் போகுது, மாப்ளே” என்றார் என்னிடம். அவள் இல்லாத படத்தில் தாமும் நிற்கவில்லை.

அத்தான் துறைமுகத்துக் கிடங்கொன்றில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய மேசைக்கு ஒரு கால் குட்டை. அதில் சாய்ந்து எழுதி எழுதி இடது தோள் நாலு விரற்கடை இறங்கிவிட்டது. அவர் நேராக நிமிர்ந்து நின்றால் கிடங்கு சாய்ந்துவிடும் என்று துரை அஞ்சியதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்.

ஒரு நாள் மூடப்போகும் ஸ்டுடியோவிலிருந்து மூன்று கால் வைத்த பெரிய மரக் கேமராவை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். யாரைப் படம் பிடிக்க வாங்கினார் என்று கேட்கவேண்டியதில்லை. அக்கா சமையலறையிலிருந்தே சொல்லிவிட்டாள்: “மேசையப் புடிங்க, நாற்காலியப் புடிங்க. என்னைய வேணாம்.”

“சரி” என்றார் அத்தான். அவ்வளவுதான்.

அப்போது நானும் அவர்களோடு குடியிருந்த அந்த வீடு ட்ராம் ஓடும் தெருவில் ஒரு நீளமான கடைவீடு. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே கூரை இல்லாத சிறு முற்றம் உண்டு. மழை நேரே வீட்டுக்குள் இறங்கும். அந்த ஞாயிறு மழை விட்டதும், கூரைத் தண்ணீர் வடியும் தகரப் பீலியின் நுனியில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அத்தான் அதன் எதிரே போய் நின்றார். ஒரு மணி நேரம் நின்றிருப்பார். நான் ஒரு வாரம் என்றுதான் சொல்லிவருகிறேன்.

“இதுக்கு ஒண்ணும் பயமில்ல பாரு, மாப்ளே” என்றார்.

அதிலிருந்து தொடங்கியது. சின்னதைப் பெரிதாகப் பிடிக்கக் கேமராவின் மூக்கு நீளவேண்டுமாம். பிஸ்கோத்துத் தகரத்தின் அடியை வெட்டி, உள்ளே கரி பூசி, மூக்கோடு பொருத்தினார். ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது. அக்காவின் பழைய கறுப்புப் பாவாடை ஒன்று கேமராவுக்குப் போர்வையானது. தென்னை ஈர்க்கின் நுனியில் தண்ணீரைத் தொட்டுத் தொங்கவிடுவார். கேமராவை ஆயத்தம் செய்வதற்குள் சொட்டு விழுந்துவிடும். நூறு சொட்டு விழுந்த பிறகு சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“ஒரு சிட்டிக சீனி போட்டுப் பாருங்களேன். பாகு காய்ச்சுறப்ப சொட்டு நின்னு நின்னுதான விழும்.”

சீனி போட்டார், சொட்டு நின்றது. அந்த வாசனைக்கு ஊர் எறும்பெல்லாம் வந்தன. பினாங்கு மலை எறும்புகள் மலை ரயிலில் வரிசையாக ஏறி இறங்கி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். டிக்கெட் வாங்கியதை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு படத்துக்கு எட்டு எண்ணவேண்டும். கேமராக் கண்ணாடியின் மூடியைக் கழற்றிக் கையை உயர்த்துவார். அந்தக் கை இறங்கும்வரை வீட்டில் யாரும் அசையக்கூடாது, பலகைத் தரை அதிர்ந்தால் துளி நடுங்கும். அக்கா அகப்பையோடு நிற்பாள். பிள்ளைகள் விளையாட்டை விட்டு நிற்பார்கள். சுவர்க்கடிகாரம் ஆட மறக்கும். முற்றத்துக்கு மேலே மேகம் நின்று குனிந்து பார்க்கும். அந்த எட்டு எண்ணிக்கையில் வயது ஏறுவதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். சேர்த்துப் பார்த்தால் அந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் ஊரைவிடச் சற்றே இளையவர்கள்.

ட்ராம் மட்டும் எங்களுக்குக் கட்டுப்படவில்லை. அது போனால் வீடே கிடுகிடுக்கும். ஆகவே என்னைக் குடையோடு தெருவில் நிறுத்தினார். நான் தண்டவாளத்தின் நடுவே நின்று குடையை விரித்தேன். ட்ராம் நின்றது.

“என்ன தம்பி, சாகணுமா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணே. எங்க வீட்ல ஒரு சொட்டு தண்ணி விழப்போகுது.”

“ஒழுகுனா வாளி வையி லா. ட்ராம ஏன் மறிக்கிற?”

“விழக்கூடாதுண்ணே. அதுக்குத்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா?” என்று கேட்டு முடிப்பதற்குள் உள்ளே எட்டு எண்ணியாகிவிட்டது.

இப்போது அந்த ஒரு நாளைச் சொல்கிறேன். மத்தியான மழை விட்டு வெயில் வந்திருந்தது. அத்தான் முன்னறையில், தெருச் சன்னலுக்கு முதுகு காட்டிக் கேமராவை வைத்திருந்தார். முற்றத்தில் துளி. அதற்கு அப்பால் சமையலறை வாசலில் அக்கா.

“லூர்து, அந்த வாசல்லயே கொஞ்சம் நில்லு. நீ நகந்தா வெளிச்சம் மாறுது.”

“என்னையவா புடிக்கிறீங்க?”

“தண்ணியத்தான். நீ அங்க வெறும் மங்கலாத்தான் தெரியிற.”

நின்றாள். அத்தான் பாவாடைக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு வந்து, படம் பதியும் கண்ணாடித் தகட்டைச் செருகி, மூடியைக் கழற்றி, கையை உயர்த்தி, எட்டு எண்ணினார்.

படத்தைக் கழுவிக் காயவைத்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வாசல் மங்கல்தான், அத்தான் பொய் சொல்லவில்லை. ஆனால் துளிக்குள்ளே வாசலும் அகப்பையும் அக்காவும் தெளிவாக, தலைகீழாக இருந்தார்கள்.

“ஏமாத்திட்டீங்க” என்றாள். மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. அக்கா மூன்று நாள் என்கிறாள்.

மூன்றாம் நாள் அத்தான் போய் அவள் அருகில் உட்கார்ந்தார். “நேரா விழுந்தாத்தான் ஆயுசு குறையும், லூர்து. தலைகீழா விழுந்தா கூடும். வேணும்னா சாமியார்ட்ட கேட்டுக்க.”

“கேட்டு, இல்லன்னுட்டா?” என்றாள் அக்கா. ஆனால் படத்தைக் கிழிக்கவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அத்தான் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். “துணிக்குள்ள போனா எல்லாம் தலைகீழாத்தான் தெரியும், மாப்ளே. வீடு, வாசல், ஈர்க்கு, எல்லாம். அன்னிக்கு துளிக்குள்ள உங்க அக்கா மட்டும் நேரா நின்னா. என்னையப் பாத்துக்கிட்டு நின்னா.”

ஆக, அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து தேடினேன். பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் தகடுகள். வாழையிலையில் துளி, குழாயில் துளி, குடைக்கம்பியில் துளி. ஒன்றிலும் மனிதர் இல்லை. அட்டை அச்சுக்குப் போகவேண்டிய நாளும் வந்தது. “இல்லக்கா” என்றேன்.

அக்கா எழுந்து போய் ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்து, அந்தப் படத்தை என் மடியில் வைத்தாள். “இதுல நான் நல்லா இருக்கேனான்னு பாரு. இத்தன வருஷமா சரியாப் பாத்ததே இல்ல.”

அத்தானுடைய உருப்பெருக்குக் கண்ணாடியைப் பிடித்தேன். துளிக்குள் அக்கா தலைகீழாக நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. துளியின் மேற்புறத்தில், வெளித்தோலில், ஒரு வெள்ளைப் புள்ளி பளபளத்தது. தெருச் சன்னல்தான் அது. அந்த வெளிச்சத்தின் நடுவே எள்ளளவு கறுப்பு. எறும்போ என்று நினைத்தேன்.

எறும்புக்குப் பக்கத்தில் மூன்று கால் கேமரா இருக்காது.

“அக்கா, இங்க வந்து பாரு.”

அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஒரு ட்ராம் போயிற்று. அவள் கை ஆடவில்லை.

“என் பாவாடை” என்றாள், கேமராவின் மேல் கிடந்ததைக் காட்டி. பிறகு மிக மெதுவாக, “தோளப் பாரு. இவுங்கதான். நிக்கிறாங்க.”

முகம் தெரியவில்லை. இடது தோள் இறங்கியிருந்தது. வலது கை மூடியைப் பிடித்தபடி உயர்ந்திருந்தது.

“எந்தப் பக்கம் மேல வச்சு அச்சடிக்கச் சொல்றது?” என்று கேட்டேன். ஒருவர் நேரானால் மற்றவர் தலைகீழ்.

“அவுங்கள நேரா வையி” என்றாள் அக்கா. படத்தைத் திரும்ப என் கையில் வைத்து, “அவுங்க சொன்னது சரியாப் போச்சு பாத்தியா. நேரா விழுந்தவுங்க போயிட்டாங்க. தலைகீழா விழுந்தவ இருக்கேன்” என்றாள்.

வாசகர்களே, கடல் துளியாகத் திரளவில்லை, எறும்புகள் ரயிலேறவில்லை. ட்ராம் நான் மறித்ததற்காக நிற்கவில்லை, ஆள் இறக்க நின்றது. மேகம் குனிந்ததையும் நான் சாதிக்கமாட்டேன். ஆனால் இந்த அட்டையைச் சன்னலோரம் கொண்டுபோய்ச் சற்றுக் கிட்டே பிடித்துப் பாருங்கள். துளியின் மேல் எள்ளளவு மனிதர் ஒருவர் தோள் சாய்ந்து, கையை உயர்த்தி, தம் மனைவிக்கு எதிரே நிற்கிறார். அந்த எள்ளளவு மெய்.

போய் வாருங்கள், அத்தான். உங்கள் கை இன்னும் இறங்கவில்லை. நாங்கள் அசையாமல் நிற்கிறோம்.