பின்கதவில் இருந்த பெயர்

என் மாமனார் வீட்டில் சீர் என்று எதைக் கொடுத்தாலும் அதில் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்கு என்று ஒன்று விடாமல் என் மனைவியின் பெயரை வெட்டித்தான் அனுப்பினார்கள். விசேஷ வீட்டில் நாலு பேர் பாத்திரம் கலந்துபோனாலும் நம்முடையது நம் வீட்டுக்கு வந்துவிடும் என்பது உசிலம்பட்டிப் பக்கத்துக் கணக்கு. காரும் சீரில் ஒன்றுதானே, அதற்கும் பெயர் வேண்டும் என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். காரில் பெயர் வெட்ட முடியாது. மதுரையில் கார் அலங்காரச் சாமான் விற்கும் கடை ஒன்றில் பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஆங்கில எழுத்துகளை வாங்கினார். நூல் பிடித்து நேராக ஒட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லியும் கேட்காமல், பின்கதவில் தன் கையாலேயே ஒட்டினார். பெயர் வலது பக்கம் போகப் போக மேலே ஏறிவிட்டது.

எனக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பிரித்து நேராக ஒட்டலாமே என்று அவளிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். “எங்கப்பா ஒட்டுனது அப்பிடித்தான் இருக்கும். பின்னாடி வர்றவன் தலையச் சாய்ச்சுப் படிச்சுக்கிறட்டும்” என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க மாட்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பிள்ளை இல்லாமல் போன பெண்ணின் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று பெரியவர்கள் பேசினார்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அப்போது வீட்டையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பாத்திரங்களைக் குட்டியானை வேனில் ஏற்றிப் போனார்கள். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே சோறு வடிக்க முடியவில்லை என்று அத்தை, அதாவது என் மாமியார், எல்லாவற்றையும் பாத்திரக்கடையில் போட்டு வேறு வாங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். காரை மட்டும் மாப்பிள்ளை வைத்துக்கொள்ளட்டும் என்று மதுரை ஆனையூரில் என் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். மாமனாரின் சின்ன மகளை, அவள் தங்கையை, எனக்கே கட்டிக் கொடுக்கலாம் என்று சொந்தத்தில் ஒரு பேச்சும் கிளம்பியது. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணும் அதையே சொன்னாளாம். அதில் எனக்கு அவள் மேல் மரியாதை கூடியது.

அவளுக்கு வாடிப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. அத்தை போன் செய்து சாப்பாட்டை விசாரித்தார், மழையை விசாரித்தார், என் இருமலை விசாரித்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊரையே சுற்றினார். நானே, காரைச் சின்னவளுக்குக் கொடுத்துவிடுங்கள் அத்தை, எனக்கு பைக் போதும் என்றேன்.

“அவ பேரு இருக்கே மாப்ள. அதோட எப்பிடி அனுப்புறது? மாப்பிள்ள வீட்டுல ஒண்ணு நெனைப்பாக. சின்னவளும் அதப் பாத்துட்டு ஏற மாட்டா. எங்க கையால அத எடுக்க எங்களுக்கு ஆகாது. கடையில விட்டா பிளேடப் போட்டுச் சுரண்டிப்புடுவான். அவ பேர ஒருத்தன் சுரண்டுனான்னு இருக்க வேணாம். நீங்களே எடுத்துருங்க. தடம் தெரியாம எடுத்துருங்க.”

சரி என்றேன்.

நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவன். ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் சுவர் பெயரும். அந்த லட்சணத்தில் போனில் வீடியோ பார்த்து வேலை கற்றுக்கொண்டேன். ஒருவன் பெட்ரோல் ஊற்று என்றான், ஒருவன் தின்னர் என்றான், இன்னொருவன் பத்தே நிமிடம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் முகத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. கடைசியில் நான் எடுத்துக்கொண்டவை, அவளுடைய ஹேர் டிரையர், தூண்டில் நரம்பு, தேங்காய் எண்ணெய், சளிக்கு வாங்கி வைத்திருந்த நீலகிரித் தைலம், நாலைந்து மெத்தென்ற துணிகள். தின்னரை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பசையோடு சேர்த்துப் பெயின்ட்டையும் அது தின்றுவிடும் என்று படித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவித் துடைத்தேன். முதல் பிசகு அப்போதே நடந்தது. வெயிலில் நின்றால் பசை இளகும், டிரையர் வேலை மிச்சம் என்று கெட்டிக்காரத்தனமாக வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மதுரை வெயிலுக்கு நான் சொல்லியா கொடுக்க வேண்டும்? திரும்பி வந்து ஒரு எழுத்தின் ஓரத்தைத் தூக்கினால் பசை பாகுபோல் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, என் விரலிலும் கதவிலும் அப்பியது. வண்டியை மறுபடி நிழலுக்குள் தள்ளி ஆறவிட்டேன்.

கை பொறுக்கிற சூடுதான் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. புறங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்கிற சூட்டில் டிரையரை நிறுத்தி, நரம்பை எழுத்துக்குப் பின்னால் கொடுத்து இரண்டு கையாலும் முன்னும் பின்னும் அறுக்க வேண்டும். கதவில் நரம்பு உரசக்கூடாது, எழுத்துப் பக்கமே சாய்ந்து வர வேண்டும். கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மீதி அவளாக இருக்காது என்று பட்டது.

ஒவ்வொன்றும் உயிரை வாங்கியது. ஒட்டுகிறபோது மாமனார் ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பசை பிடிக்கும்வரை யாரோடும் பேசாமல் நின்றது நினைவுக்கு வந்தது. மகளுக்குக் கொடுத்ததை ஒருவரும் பிடுங்க முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த மனுஷன் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டு எழுத்துகள் கையோடு முறிந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியாக முதல் எழுத்துக்கு வந்தேன். அது நரம்பை வைத்ததுமே சும்மா கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அதுவும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

எழுத்துகள் போன பிறகும் பெயர் போகவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஸ்பாஞ்ச் டேப்பின் கறுத்த பசை அதே வடிவத்தில் அப்படியே நின்றது. நகம் படாமல் கட்டைவிரலின் சதையால் உருட்டி உருட்டி எடுத்தேன். உருளாததற்கு எண்ணெயைத் தடவி ஊறவிட்டேன். அதற்கும் மசியாததைத் தைலத்தில் நனைத்த துணியைப் போட்டு மூடி, ஊறியதும் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்தேன். தைலத்தை முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். வாசலெல்லாம் சளி பிடித்த வீட்டு வாசம் அடித்தது. பசை முழுக்கப் போனதும் ஷாம்பு போட்டுக் கழுவினேன்.

காய்ந்த பிறகு பார்த்தால், அவள் பெயர் அங்கேதான் இருந்தது. இத்தனை வருட வெயிலில் கதவின் வெள்ளை லேசாகப் பழுத்திருக்க, எழுத்துகள் மூடியிருந்த இடம் மட்டும் புதுவெள்ளையாக நின்றது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. கிட்டப் போனால் படிக்கலாம்.

அத்தையிடம், இதற்கு மேல் முடியவில்லை, பெயின்ட்டோடு ஊறிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். என் கை வேலையின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும், நம்பவும் செய்வார்கள். பெயர் இருந்தால் காரும் என்னிடமே இருக்கும். இந்த யோசனை வந்தபோது எனக்கு வெட்கமாக இல்லை, ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தச் சின்னப் பெண் கல்யாணப் பட்டோடு வண்டியில் ஏற வந்து, அக்கா பெயரைப் பார்த்துக் காலைப் பின்னுக்கு எடுப்பது கண்முன் வந்தது. கடைக்குப் போய்ப் பாலிஷ் வாங்கி வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அலுவலகம் விட்டு வந்ததும் அதே வேலைதான். கொஞ்சமாகப் பாலிஷைத் தொட்டு, அழுத்தாமல், கதவு முழுக்கத் தேய்த்தேன். பெயர் இருந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அது தனியாகத் தெரியும் என்பதால் சுற்றியிருந்த பழுப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் பெயர் மங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் எந்தப் பக்கமிருந்து குனிந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கீறல் இல்லை, தடம் இல்லை. என் வாழ்க்கையில் கையால் செய்த வேலை ஒன்று சுத்தமாக அமைந்தது என்றால் அது அதுதான்.

மறுநாள் மாமாவும் அத்தையும் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். மாமாவே ஓட்டிப் போவதாக ஏற்பாடு. காபி குடித்தார்கள், கல்யாண வேலைகளைப் பற்றி மூன்று பேரும் ரொம்ப அக்கறையாகப் பேசினோம். உறையில் போட்டு வைத்திருந்த எழுத்துகளையும் சாவியையும் மாமாவிடம் கொடுத்தேன். உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். காரின் பின்பக்கம் அவர் போகவே இல்லை.

அத்தை போனார். நானும் கூடப் போனேன். தடம் தெரியாமல் எடுங்கள் என்று சொன்னவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவை உற்றுப் பார்த்தார். விரல்களை மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டினார். பிறகு கீழே, பிறகு மேலே.

“எங்க மாப்ள இருந்துச்சு?”

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். “இங்கனயா?”

“இன்னங் கொஞ்சம் மேல, அத்தை” என்றேன். கையை மேலே நகர்த்தினார். பார்த்தால் அந்த இடமும் இல்லையோ என்று தோன்றியது. இத்தனை வருடம் தினமும் பார்த்த பெயர், ஒரு வாரமாக முகத்துக்கு நேரே வைத்துத் தேய்த்த பெயர். எனக்கே தெரியவில்லை.

“ஆமா, அங்கதான்” என்றேன். அவர் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.