ஆனி வளர்பிறை அஷ்டமி

பேச்சியம்மாவின் மகன் எந்த நாளில் செத்தான் என்று பதினைந்து வருஷமாக யாருக்கும் தெரியாது. செத்தது தெரியும். எகிப்துப் பக்கம் எங்கோ என்பதும் தெரியும். நாள்தான் தெரியாது.

பொகவந்தலாவைக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில், மேக்கணக்குப் பிரிவு லயத்தின் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. நல்ல கொழுந்துக்காரி. கங்காணி அவள் பறித்த நிரையை ஒருநாளும் திரும்பப் பார்த்ததில்லை. பேச்சு குறைவு, பேசினால் நேரே வந்து விழும். புருஷன் முப்பத்தெட்டாம் வருஷத்துக் காய்ச்சலில் போன பிறகு, மகன் அழகனையும் மகள் நாகலெட்சுமியையும் தனியாகவே இழுத்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தொன்றில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க அட்டனுக்கு லாரி வந்தபோது அழகனுக்குப் பத்தொன்பது வயது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கூரையில் செருகிவிட்டுப் போய் ஏறிவிட்டான். துப்பாக்கி பிடிக்கிற வேலையில்லை. சாமான் ஏற்ற, இறக்க, ரோடு போட, குழி வெட்ட. தோட்டத்தில் செய்யாததையா அங்கே செய்யச் சொல்லப் போகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனான்.

அங்கிருந்து இரண்டு கடிதம் வந்தது. லயத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்த கையெழுத்து. இரண்டாவது கடிதத்தில் ஊர்ப் பெயர் இருந்த இடத்தை யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். இங்கே மழை என்பதே கிடையாது, என் கம்பளியைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தான். மூன்றாவதாக வந்தது தந்தி. அது நாற்பத்திரண்டு ஆடி மாதம். ஆபீஸில் பெரிய கிளாக்கர் தம்பையா, யாழ்ப்பாணத்துக்காரர், எழுந்து நின்றுகொண்டு அதைப் படித்துச் சொன்னார். மகன் போர்முனையில் மாண்டுவிட்டான், தேதி முதலான விவரம் கடிதத்தில் வரும் என்றிருந்தது. அந்தக் கடிதம் வரவில்லை. தம்பையா இரண்டு முறை எழுதிக் கேட்டார். கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்த காலம். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

செத்தவனுக்கு வருஷா வருஷம் திதி கொடுக்க வேண்டும். திதி கொடுக்க மாசமும் பிறையும் தெரிய வேண்டும். மாரியம்மன் கோயில் பூசாரி செல்லசாமியிடம் போய்க் கேட்டாள். நாள் தெரியாதவர்களுக்குப் புரட்டாசி அமாவாசைதான், எல்லாருக்கும் பொதுவானது, அதில் சேர்த்துக்கொள் என்றார் அவர். பேச்சியம்மாவுக்கு அது ஒப்பவில்லை. காய்ச்சலில் படுத்துச் செத்தவர்கள், கிழடு தட்டிச் செத்தவர்கள், அவர்கள் பந்தியில் ஓரமாகக் கொண்டுபோய் இவனை உட்கார வைப்பதா என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சொன்னவர் பங்களாவில் சமையல் வேலை பார்த்த அழகுமுத்து. வெள்ளைக்காரத் துரைமாரின் நடப்பு முழுக்க அவருக்கு அத்துப்படி. பட்டாளத்தில் செத்தவர்களுக்கென்றே அவர்கள் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், நவம்பர் மாதம் பதினோராம் தேதி, பதினோரு மணிக்கு மாதா கோயிலில் எல்லாரும் கூடி நிற்பார்கள், சட்டையில் சிவப்புப் பூக் குத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் வாயே திறக்க மாட்டார்கள் என்று சொன்னார். எந்த நாட்டில் எந்த நாளில் செத்தாலும் அந்த ஒரே நாள்தானாம்.

"அப்ப வெள்ளக்காரங்களுக்கும் நாள் தெரியாமதான் இருக்கு" என்றாள் பேச்சியம்மா. அன்றோடு அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிட்டாள். தோட்டத்திலிருந்து இரண்டு மைல் இறங்கினால் சவுக்கு மரங்களுக்கு நடுவே துரைமாரின் கல் கோயில். வாசலில் ஆளுயரக் கல் சிலுவை. பேச்சியம்மா குளித்து, வெளுத்த சேலை கட்டி, மரத்தடியில் தள்ளி நிற்பாள். துரைமார் நிற்கும்போது நிற்பாள். அவர்கள் தலையைக் குனிந்தால் குனிவாள். கார்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு சிலுவையடிக்கு வந்து வாழையிலைத் துண்டை விரித்து, இரண்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைப்பாள். அழகனுக்குச் சோற்றைவிட ரொட்டிதான் பிடிக்கும். முதல் வருஷம் கோயில் காவல்காரர் விரட்டப் பார்த்தார். மகனுக்கு என்றதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கடுத்த வருஷங்களில் நாய் வராமல் அவரே பார்த்துக்கொண்டார்.

லயத்தில் வாய் சும்மா இருக்குமா? பேச்சி மாதா கோயில் வேதத்தில் சேர்ந்துவிட்டாள், இனி மாரியம்மன் தேருக்கு அவளிடம் வரி வாங்கக் கூடாது என்றார்கள். சண்டை முடிந்தபின் துரைமார் அந்த நாளைக் கிட்டத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டபோது இன்னும் வசதியாகப் போயிற்று. லீவு நாளாகப் பார்த்துத் திதி வைக்கிற சாமர்த்தியம் வெள்ளைக்காரனுக்குத்தான் வரும் என்று சிரித்தார்கள். பேச்சியம்மாவுக்கும் அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கூட்டம் என்றைக்கோ அன்றைக்குத்தானே போக முடியும்?

நாற்பத்தெட்டில், தோட்டத்து ஆட்களெல்லாம் இலங்கையா இந்தியாவா, எந்த நாட்டு ஆட்கள் என்ற கேள்வி எழுந்திருந்த சமயத்தில், அந்தச் சிலுவையில் புதிதாக ஆறு பெயர்களைச் செதுக்கினார்கள். அதில் அழகன் இருக்கிறானா பாருங்கள் என்று அழகுமுத்துவை அழைத்துப் போய்க் காட்டினாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, எல்லாம் துரைமார் பிள்ளைகள் பெயர் என்றார்.

"கல்லு அவுங்க கல்லு. நாளு பொதுதான?" என்றாள்.

வெளியே அப்படிச் சொன்னாளே தவிர, உள்ளுக்குள் ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் வீட்டில் அவரவர் நாள் ஒன்று இருக்கும், இந்தப் பொது நாள் அதற்கு மேல். இவனுக்கு இதுமட்டும்தான். யாரோ வைத்த நாளில் யாருடைய வாசலிலோ போட்ட ரொட்டி அவனிடம் போய்ச் சேர்கிறதா? இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பூசாரி பழையபடி புரட்டாசிக்குப் போவார்.

ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரை முடிகிற நேரம். மத்தியானக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது ஆபீஸுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. தம்பையாவுக்கு அப்போது தலை முழுக்க வெளுத்துவிட்டது. மேசைமேல் நீளமான உறை. சீமையில் பட்டாளத்தார் கல்லறைகளைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸிலிருந்து வந்தது என்றார். உள்ளே ஒரு புகைப்படம். மணல் தரையில் வரிசையாகக் கற்கள், முன்னால் ஒரு கல் மட்டும் பெரிதாக. பெயர், நம்பர், வயது இருபது என்று விரலை வைத்து வைத்துச் சொன்னார்.

"தேதி போட்டிருக்குங்களாய்யா?"

"கிடக்குது. நாப்பத்திரண்டு ஜூன் இருபத்தொண்டு."

அவள் படத்தைக்கூட அப்புறம்தான் வாங்கிப் பார்த்தாள். தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாள். இங்கிலீஷ் தேதி அவளுக்கு எதற்கு ஆகும்? அதைப் பிறையாக மாற்ற வேண்டும். அதற்கு நாற்பத்திரண்டாம் வருஷத்துப் பஞ்சாங்கம் வேண்டும்.

பொகவந்தலாவை கடைவீதியில் சிதம்பரநாதன் முதலாளி பஞ்சாங்கத்தை மட்டும் தூக்கி எறிவதில்லை என்று பெயர். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தகரப் பெட்டியில் அவருடைய அப்பா காலத்திலிருந்து அடுக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா போய் நின்றாள். கடையில் கூட்டம். முதலாளி துண்டுக் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு உள்ளே போனார். சித்திரபானு வருஷத்துப் பஞ்சாங்கத்தின் ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. நடுப்பக்கம் தப்பியிருந்தது.

"ஆனி ஏழு. ஞாயித்துக்கெழமை. வளர்பிறை அஷ்டமி" என்றார். பிறகு இந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் எடுத்துப் பார்த்து, ஆனி மாத வளர்பிறை அஷ்டமி இந்த முறை வெள்ளிக்கிழமையில் வருகிறது, ஜூலை ஐந்து என்று அதே துண்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

பேச்சியம்மா வீட்டுக்கு நடந்தே போனாள். பஸ் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

வழியில் பார்த்த அழகுமுத்து, அப்படியென்றால் இனி ஐப்பசியில் கல் கோயிலுக்குப் போக மாட்டாயா என்று கேட்டார். துரைமாரும் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் மொத்தமே நாலு கார்தான் வந்தது. இனி அது அவர்கள் நாள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், என் பிள்ளைக்கு நாள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பெண்பிள்ளை திதி கொடுப்பது வழக்கமில்லை. ஆண் கை தண்ணீர் விட வேண்டும். கல் சிலுவையடியில் அதை யாரும் கேட்டதில்லை, ஆற்றங்கரையில் கேட்பார்கள். மகள் நாகலெட்சுமியை நோட்டன் பிரிட்ஜில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை கணேசமூர்த்திக்கு அங்கே அணைக்கட்டில் வேலை. மைத்துனனுக்கு அவர் கொடுக்கலாம் என்று பூசாரி சொன்னார். கடிதம் போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலமே இரண்டு பேரும் வந்துவிடுகிறோம் என்று பதில் வந்தது.

லீவு கேட்கப் போனபோது கணக்கப்பிள்ளை பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒம்மகனுக்கு ஐப்பசியிலல்ல திதி? ஒரு ஆளுக்கு எத்தன திதி பேச்சி?"

"ஒண்ணுதாங்க. அது இப்பத்தான் கெடச்சிச்சு."

அவர் வெள்ளிக்கிழமையில் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டார்.

ஆனி மாத மழை புதன்கிழமை பிடித்தது. விடவே இல்லை. வியாழன் சாயங்காலம் பஸ் வரவில்லை. கீழே எங்கோ ரோட்டில் மண் சரிந்துவிட்டதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை விடிந்தும் வரவில்லை. பேச்சியம்மா விடிய முன்னமே எழுந்து அடுப்பு மூட்டி, சோறு, பருப்பு, கீரை, கடைசியில் ஏழெட்டு ரொட்டி சுட்டு வைத்தாள். பத்து மணிக்குப் பூசாரியோடு ஆற்றுக்கு இறங்கினாள். தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. கரையோரப் பாறையில் இலையை விரித்து, எள்ளும் பச்சரிசியும் சொம்புத் தண்ணீருமாகப் பூசாரி தயாராக இருந்தார். அவளோ மேலே ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. மழைக்குள் சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. உச்சி சாய்ந்தால் பலன் இல்லை என்று பூசாரி அவசரப்படுத்தினார். தெரிந்த ஆள் யாரையாவது கூப்பிடலாம், இல்லாவிட்டால் தானே தண்ணீர் விடுகிறேன், பூசாரி கை பொதுக் கை, தோஷம் இல்லை என்றார்.

"பொதுவெல்லாம் பாத்தாச்சுண்ணே" என்றாள் பேச்சியம்மா. "பதினஞ்சு வருஷமா பொது நாளுல, பொது எடத்துல சாப்புட்டான். இன்னிக்கு அவன் நாளு. இன்னிக்கும் பொதுக் கையா?"

"பொம்பள கையில விட்டா சேருமோ என்னமோ, எனக்குத் தெரியாது பேச்சி. நான் செஞ்சு வச்சதில்ல."

"எனக்கும் தெரியாது. ஊத்துனாத்தான தெரியும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். பூசாரி எள்ளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை விட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவளும் திருப்பிச் சொன்னாள். வருஷம், மாசம், பிறை, திதி எல்லாம் சொல்லியாயிற்று. அடுத்தது இன்னார் மகன் இன்னான் என்று சொல்ல வேண்டும். அங்கே நின்றுவிட்டது.

கட்டினவன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. இருந்தபோதும் இல்லை, போன பிறகும் இல்லை. எந்தப் பொம்பளையும் சொல்வதில்லை. ஆபீஸில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் சொல்வாள். யாரும் இல்லாவிட்டால் இவளே தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். அவர்களும் புரிந்துகொண்டு எழுதிக்கொள்வார்கள். பூசாரிக்கு அந்தப் பெயர் தெரியும். அவளுக்காகத் தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பேச்சியம்மா தண்ணீர்க் கையை நீட்டியபடியே தலையை ஆட்டித் தடுத்தாள். விரலிடுக்கில் எள் கசிந்துகொண்டிருந்தது.

"மூக்கன் மகன் அழகன்" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையைச் சாய்த்தாள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சொல்லும்போது பூசாரி முன்னால் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. எள்ளும் தண்ணீரும் பாறையில் விழுந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து ஆற்றில் இறங்கின. இலையிலிருந்த சோற்றையும் ரொட்டியையும் பின்னாலேயே விட்டார்கள். ரொட்டி கொஞ்ச தூரம் மிதந்து போனது. வளைவில் மறைகிற வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

மூன்று மணிக்கு மேல் கணேசமூர்த்தியும் நாகலெட்சுமியும் வந்து சேர்ந்தார்கள். மண் சரிந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏழு மைல் நடந்து வந்ததில் முழங்கால் வரை சேறு. நாகலெட்சுமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணேசமூர்த்தி உள்ளே வரவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டார். மாமியார் அடுப்பு வேலையில் இருந்ததால், கொடியில் துண்டைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்த பூசாரி, அவள்தான் கொடுத்தாள் என்றார். சொல்லும்போது அவர் குரலில் குறை ஏதும் இல்லை.

கணேசமூர்த்தி வாசலில் நின்றபடியே அடுப்புப் பக்கம் குரல் கொடுத்தார்.

"அஷ்டமி ராத்திரி வரைக்கும் இருக்குதான அத்த? நான் வேணா இப்பப் போயி இன்னொரு தடவ…"

"வேணாங்க மாப்பிள்ள. அவன் சாப்புட்டாச்சு" என்றாள் பேச்சியம்மா, வெந்நீர்ச் சட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு. "சேத்தக் கழுவிட்டு வாங்க. ஒங்களுக்குத்தான் இன்னும் போடல."