துலுக்கானம் லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

துலுக்கானத்தின் லேப்டாப்பைத் திறந்தாலே எனக்குக் குமட்டும். ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மெஷினுக்குள்ளிருந்து செத்த பல்லியைக்கூட எடுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் இந்த மனுஷன் கொண்டுவருவது தனி ரகம். கீபோர்டில் காய்ந்த வடகறி. காற்று போகிற ஓட்டையில் கரப்பான் முட்டை. மூடியில் வெள்ளிக்கிழமைதோறும் அப்பிய சந்தனமும் குங்குமமும் கெட்டியாகி ஓடு கட்டியிருக்கும். சீ, தொடவே கை கூசும்.

திருமழிசையில் அவர் வேலை பார்த்த லேத் கம்பெனியை மூடியதும், தாலுகா ஆபீஸ் வாசலில் குடை நட்டு உட்கார்ந்தார். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப்தான் முதலீடு. அது ஆன் ஆவதற்குள் வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, பக்கத்துக் குடையில் இருக்கும் வெற்றிச்செல்வனிடம் போய்விடுவார்கள். அவனிடம் புது மெஷின்.

"சிம்ரன், இத்த எப்டினா ஓட உடும்மா. இதுவும் பூட்ச்சினா ஊட்ல அடுப்பு எரியாது," என்றார். வாய் நிறைய மாவாப் புகையிலை.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சுரண்டித் துடைத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமாக ஓடும் எஸ்.எஸ்.டி. போட்டேன். மெமரியையும் கூட்டினேன். பட்டனை அழுத்தியதும் திரை சட்டென்று வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாவா வாயோடு சிரித்தார். அதையும் பார்த்துத் தொலைத்தேன்.

"நைனா, இனிமே இதுல சந்தனம் கிந்தனம் எதுவும் வெக்காத. உன் கால்ல உழறேன்."

"ஆத்தா மேல சத்தியமா மூடியில வெக்க மாட்டேன்."

அடுத்த வாரமே மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். ஆன் ஆகவில்லை. மூடி பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டு இல்லை. திருப்பிப்போட்டு, மெமரிக்கு மேலிருக்கும் சின்ன மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

உள்ளே புது மெமரியின் மேல் வழவழவென்று சந்தனம். நடுவில் குங்குமம். ஓரத்தில் வாடிய மல்லிகை இதழ் வேறு. சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கி போர்டு கருகிவிட்டது. கருகல் நாற்றமும் ஜவ்வாது வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது.

"இன்னா நைனா பண்ணி வெச்சிகீற?"

"புதுசா வந்த சாமானுக்குப் பொட்டு வெக்காம எப்டிம்மா தொழில் பண்றது? நீ போட்ட அன்னிக்கே வெச்சிருக்கணும். லேட்டா வெச்சேன், அதான் பூட்ச்சி."

ஓங்கி ஓர் அறை விடலாமா என்று இருந்தது. போர்டு போனது போனதுதான் என்றேன். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் என் விரலில் அந்த வாசனை போகவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸ் பக்கம் போனேன். துலுக்கானத்தின் குடை இல்லை. அவர் வெற்றிச்செல்வன் பக்கத்தில் நின்றுகொண்டு, வரிசையில் வருகிறவர்களின் ஆதார் அட்டையை வாங்கி அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதே மாவா சிரிப்பு.

வெற்றிச்செல்வனின் புது லேப்டாப்பில் சந்தனம் இன்னும் காயவில்லை.