மீரா சாகிப்பு தெச்ச விண்டோஸ்

கட்சியைப் பத்திப் பேசுங்க, சினிமாவைப் பத்திப் பேசுங்க, அவரு மாமியார் ஊட்டுப் பிரியாணியைக்கூட ஏடாகூடமாப் பேசுங்க, மீரா சாகிப்பு சிரிச்சுட்டே டீயைக் குடிச்சுட்டுப் போயிருவார். டாஸைப் பத்தி மட்டும் வாயைத் தொறந்துறக் கூடாதுங்க. தொறந்தா அன்னிக்கு நம்ம பொழப்பு நாறிரும். "கம்ப்யூட்டர்னா கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாம சொல்லோணும், அது செய்யோணும். மத்ததெல்லாம் பொம்மலாட்டமுங்க"ன்னு ஆரம்பிச்சார்னா, பேக்கரியில அடுத்த ஈடு பஃப்ஸ் வெந்து வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டார்.

நான் கிட்டுசாமி. திருப்பூர்ல ஈஸ்வரமூர்த்தி மொதலாளியோட பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பனியன் வாங்கற வெளிநாட்டு பையருக்கும் எங்க தையல் ஹாலுக்கும் நடுவுல நின்னு, ரெண்டு பக்கமும் திட்டு வாங்கறதுக்குச் சம்பளம் வாங்கறவன். மீரா சாகிப்பு அதே கம்பெனியில புரோகிராமர். எனக்கு மேசைக்கு மேசை பக்கத்து ஆளு. அதனால அவரோட டாஸ் பக்தியை முழுசா அனுபவிச்சவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன், அவரு சம்சாரம் பத்ருன்னிசா ஒருத்தங்க.

டாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லீர்றேன். கம்ப்யூட்டரை ஓட்டறதுக்கு அடியில ஒண்ணு வேணுமில்லீங்களா, அது. படம் கிடம் ஒண்ணும் இருக்காது. ஒவ்வொண்ணுக்கும் கட்டளை டைப் அடிச்சாத்தான் நகரும். விண்டோஸ்ங்கறது அதுக்கு அப்பறம் வந்தது. படத்தைப் பாத்து மவுஸ்ல ஒரு தட்டு தட்டினாப் போதும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஒரு மனுசன் வாழ்க்கை சிக்கிச்சுன்னா நம்புவீங்களா?

மீரா சாகிப்பு பொறந்தது பல்லடம். கணக்குல பி.எஸ்சி. முடிச்சு, கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் படிச்சுட்டு, எண்பத்தெட்டுல ஒரு மில்லுல வேலைக்குச் சேந்தார். அங்க கம்ப்யூட்டரை ஓட்டினது யூனிக்ஸ். "நல்ல சாதிக் குதிரைதானுங்க, ஆனா பாஸ்வேர்டு கேட்டே ஆளைக் கொல்லுது. நம்ம ஊட்டுக்குள்ள போறதுக்கு நாமளே வாசல்ல நின்னு பேர் சொல்லோணுமா?"ன்னு அதை உட்டுட்டு வந்துட்டார். இவரு உட்டாரா, மில்லுக்காரங்க உட்டாங்களாங்கறது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அனுப்பர்பாளையத்துல லேபிள் டிசைன் பண்றவர்கிட்ட ஒரு ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஊரே போய் வேடிக்கை பாத்துச்சு. இவரும் போனார். வந்தார். "மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால தூக்கிட்டுப் போகலாமுங்க, வேலைக்கு ஆகாது"ன்னார். அப்பறம் டாஸுக்குப் பதிலா ஓ.எஸ். டூன்னு ஒண்ணை, பெட்டி நெறைய பிளாப்பியா, மெட்ராஸ்ல இருந்து யாரோ கொண்டாந்து குடுத்தாங்க. சாகிப்பு ஒண்ணொண்ணா உள்ள உட்டு எடுத்தார், உட்டு எடுத்தார், முடியற நேரத்துல ஒரு பிளாப்பியில பஞ்சு. திருப்பூர்ல எதுலதான் பஞ்சு இல்லீங்க? நாங்க தும்மினாலே வேஸ்ட் காட்டனுக்குத் தேறும். "பஞ்சு தாங்காதது நம்மூருக்கு எதுக்குங்க?"ன்னு அதையும் கழிச்சுக் கட்டினார். விண்டோஸ் மூணு புள்ளி ஒண்ணு வந்தப்போ மவுஸ் உருண்டையில பஞ்சு சுத்திக்கிச்சு. அது போதுமே அவருக்கு! பாக்கறவங்ககிட்டயெல்லாம் அந்த உருண்டையைக் கழட்டிக் கழட்டிக் காட்டினார். தான் புடிச்ச முயலுக்கு மூணு காலும்பாங்க. இவரு முயலுக்குக் காலே வேண்டாம்னவருங்க.

ஆனா ஒண்ணு, ஆளு வேலைக்காரர். டாஸ்ல அவரு எழுதின பேக்கிங் லிஸ்ட் புரோகிராம் சத்தியமா நல்லா இருந்துச்சு. கலர், சைஸ், அட்டைப்பெட்டி நம்பர் எல்லாம் பொரிஞ்சு தள்ளும். அதை அடிக்கிற மயிலாளுங்கற பொண்ணு, கீபோர்டைப் பாக்காம, என்கூட வம்பளந்துட்டே அடிச்சு முடிச்சிரும்.

தொண்ணூத்தஞ்சுல புது விண்டோஸ் வந்துச்சு. ஊரெல்லாம் அதே பேச்சு. நம்மாளுக்குப் பொறுக்குமா? பேக்கரியில நாலு பேர் முன்னால, "எங்க கம்பெனிக்குள்ள விண்டோஸ் ஒரு கால் வெச்சா, நான் ரெண்டு காலையும் வெளிய வெச்சிருவேன்"னு வாக்கு உட்டார். பஃப்ஸ் தின்னுட்டிருந்தவங்க அத்தனை பேரும் சாட்சி.

பத்ருன்னிசா கேட்டுட்டு ஒண்ணுதான் கேட்டாங்க. "வெச்சுட்டு எங்க போவீங்க? எங்க அண்ணன் கோழிப் பண்ணைக்கா?" வாஸ்தவமான கேள்வி. திருப்பூர்ல ஒவ்வொரு கம்பெனியா விண்டோஸ் ஆளைத் தேடிட்டிருந்துச்சு. டாஸ் ஆளை எவனும் தேடலை. இந்த வேலை போனா, பல்லடத்துல மச்சினன் பண்ணையில முட்டை பொறுக்கறதுதான் மிச்சம். சாகிப்புக்குக் கோழின்னா குழம்புல மட்டுந்தான் ஆகும்.

எங்க ஊருல ஒரு பழக்கமுங்க. பக்கத்துக் கம்பெனியில ஒரு மிஷின் வந்துட்டா, அது என்ன செய்யும்னு கேக்க மாட்டோம். எங்க கிடைக்கும்னுதான் கேப்போம். ஈஸ்வரமூர்த்தி மொதலாளி ஒரு நாள் பக்கத்துல இருக்கற அப்புசாமி கம்பெனிக்குக் காப்பி குடிக்கப் போனார். வந்ததும் சாகிப்பைக் கூப்பிட்டார்.

"ஏனுங் பாய், அப்புசாமி ஊட்ல விண்டோஸ் வந்திருச்சு. பச்சையும் நீலமுமா ஸ்க்ரீனு, கீழ ஒரு பட்டை, ஓரத்துல கடியாரம். தீவாளி முடிஞ்சதும் ஜெர்மன் பையர் வர்றார். அதுக்குள்ள நம்ம ஊட்லயும் வரோணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, அப்புசாமியோட ஆளைக் கேட்டுக்கறேன்."

சாகிப்பு என்ற மேசைக்கு வந்து உக்காந்தார். மூஞ்சி செத்துப் போச்சு. "கிட்டுசாமிங்க, வாக்கைக் காப்பாத்தறதா, வேலையைக் காப்பாத்தறதா?"

எனக்கு வாயில சனி. "நம்ம தொழில் என்னங்க பாய்? ஒரிஜினலைப் பாத்து அதே மாதிரி சாம்பிள் அடிச்சுக் குடுக்கறதுதானே. டாஸ்லயே ஒரு விண்டோஸ் தெச்சுருங்க"ன்னு லொள்ளுக்குத்தான் சொன்னேன்.

அந்த மனுசன் கண்ணு பளிச்சுனு எரிஞ்சுச்சு. என்ற மேசையில கெடந்த இஞ்ச் டேப்பை எடுத்துட்டு எந்திரிச்சுட்டார்.

சாம்பிள் சமாச்சாரத்தைச் சொல்லீர்றேன், அது தெரியாம மேல போக முடியாது. பையர் ஒரு பனியனை அனுப்புவார். அதைப் பாத்து நாங்க அச்சு அசலா ஒண்ணு தெச்சு அனுப்பணும். அவரு சரின்னு சொல்லி சீல் வெச்சுட்டா, அதுக்கப்பறம் அந்த சாம்பிள்தான் சட்டம். மொத்த ஆர்டரும் அதுகூட ஒத்துப் போகோணும். ஒருக்கா பையர் அனுப்பின பனியன்ல தோள்பட்டைத் தையல் கோணலாப் போயிருந்துச்சு. நாங்க அந்தக் கோணலையும் விடாம அத்தனை பீஸ்லயும் தெச்சு அனுப்பினோம். எங்க ஊரு அறிவு அப்படி.

சாகிப்பும் எங்க ஊருதானே? பி.என். ரோட்டுல ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குக் காலையில நேரமே போயி, விண்டோஸ் முன்னால இஞ்ச் டேப்பை வெச்சு அளந்தார். பட்டை எத்தனை ஒசரம், பொத்தான் எத்தனை அகலம், தட்டினா எப்படி அமுங்குது, எல்லாம். சென்டர்ல படிக்கிற புள்ளைங்க இவரைக் கண்ணாடிக் கடைக்காரர்னு நெனச்சிருக்குதுங்க. அப்பறம் வந்து, டர்போ சி-ங்கற புரோகிராம் பாஷையில கோடு கோடாப் போட்டு, டாஸுக்கு மேல அதே மாதிரி ஒரு சட்டையை மாட்டி உட்டார். ஸ்விட்சைப் போட்டா நேரா அந்தத் திரைதான் வரும். தட்டினா, அடியில அதே பழைய பேக்கிங் லிஸ்ட்.

மொதலாளி வந்து பாத்தார். தட்டினார். மறுக்கா தட்டினார். நெத்தி சுருங்கிச்சு.

"எல்லாம் சரிதானுங் பாய். ஆனா அப்புசாமி ஊட்ல தட்டினா ஒரு மணல் கடியாரம் வந்து சித்த நேரம் நிக்குதே? நம்மளுதுல டப்புனு வந்திருதே? ஏனுங், டூப்ளிகேட்டா?"

"அதையும் வெச்சர்றேனுங்க மொதலாளி"ன்னார் சாகிப்பு. விண்டோஸ் ஆமை, விண்டோஸ் நத்தைன்னு ஊரெல்லாம் பேசின மனுசன், தன்ற கையாலயே தன்ற புரோகிராமைத் தூங்க வெச்சார். மயிலாள் வந்து, "சார், முன்ன பொசுக்குனு வருமே, இப்ப ஏனுங்க நிக்குது?"ன்னு கேட்டுச்சு. "விண்டோஸ்னா அப்படித்தாம்மா"ன்னு எரிஞ்சு விழுந்தார். மொதலாளிக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் விண்டோஸ் மாதிரி இருக்குது"ன்னு மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வெச்சார். ஜெர்மன்காரரும் வந்தார். திரையைப் பாத்துத் தலையாட்டினார். அந்தாளு எங்க கம்பெனி நாயைப் பாத்தும் அப்படித்தான் தலையாட்டினார், அது வேற விசயம். "பையரே ஓகே பண்ணிட்டார்"னு மொதலாளி அப்புசாமிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

வாக்கும் பொழைச்சுது, வேலையும் பொழைச்சுது. "உள்ள ஓடறது டாஸ்தானுங்க"ன்னு என்ற காதுல மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

ஆனா வேலை முடிஞ்ச பொறகும் ஆளு சென்டருக்குப் போறதை நிறுத்தலை. கேட்டா, "ரெண்டு பொத்தான் பாக்கிங்க"ம்பார். ரம்சான் மாசம் நோன்புக் கஞ்சி வாங்கப் போனப்போ பத்ருன்னிசா என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. "அண்ணே, இவருக்கு என்னமோ ஆயிருச்சு. ஊட்டுக்கு வந்தா அந்தப் பொட்டியைப் பத்தியே பேச்சு. ஒரே நேரத்துல நாலு வேலை பாக்குதாம். நானும் காலையில இருந்து அதைத்தானே பாக்கறேன், என்னைப் பத்தி ஒரு நாள் பேசியிருப்பாரா?"

மக்யா நாள் காலையில சாகிப்பை மடக்கினேன். தலையைக் குனிஞ்சுட்டார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க கிட்டுசாமிங்க. அளந்து அளந்து பாத்ததுல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எவனோ உக்காந்து ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கானுங்க. இங்க ஒரு கணக்கு ஓடுது, அங்க ஒரு லெட்டர் அடிக்கலாம், அதை எடுத்து இதுல ஒட்டலாம். நான் இத்தன வருசம் கண்ணை மூடிட்டுத் திட்டியிருக்கேன். எனக்கு அதுல எழுதோணும்னு ஆசையா இருக்குதுங்க. நெசமான விண்டோஸ் நம்ம கம்பெனிக்கு வந்துட்டாப் போதும், என்ற புரோகிராமை முதல்ல இருந்து எழுதீருவேன்."

"அப்ப அந்த வாக்கு?"

"அது வாக்குங்களா? வாய்க்கொழுப்புங்க."

தொண்ணூத்தெட்டுல அவரு கேட்டது வந்துச்சு. மொதலாளி கோயமுத்தூர் டீலர்கிட்டச் சொல்லிப் புது மிஷினுக வாங்கினார். எல்லாத்துலயும் நெசமான விண்டோஸ், பெட்டியிலயே போட்டு வந்தது. அன்னிக்கு சாகிப்பு தேய்ச்ச சட்டை போட்டு, அத்தர் பூசி, கல்யாண மாப்பிள்ளையாட்ட வந்து நின்னார்.

மொதலாளி உக்காந்து தட்டினார். புது மிஷின் வேகத்துக்கு உடனே தொறந்துச்சு. இன்னொரு தட்டு, அதுவும் உடனே.

"என்னங்க இது? மணல் கடியாரத்தைக் காணம்? பட்டை இத்தன ஒல்லியா இருக்குது? கலரும் மேட்ச் ஆகலை. பையர் ஓகே பண்ணது இது இல்லீங்க பாய். டீலர் நம்ம தலையில டூப்ளிகேட்டைக் கட்டிட்டான்!"

சாகிப்பு குறுக்க வந்தார். "மொதலாளி, இதுதானுங்க ஒரிஜினல். நான் பண்ணது டாஸ்ல வரைஞ்ச படமுங்க. அடியில டாஸ்தான் ஓடுது."

மொதலாளி மொதல்ல சிரிச்சார். "பாய்க்கு அடக்கம் ஜாஸ்தி"ன்னார். சாகிப்பு மறுக்காவும் அதையே சொன்னார். அப்பத்தான் அந்தச் சிரிப்பு நின்னுச்சு.

"இத பாருங் பாய். ஜெர்மன்காரருக்கு விண்டோஸ்னு காட்டியிருக்கேன். அப்புசாமிக்கு விண்டோஸ்னு சொல்லியிருக்கேன். அது விண்டோஸ் இல்லீன்னா நான் பொய்யன். என்னைப் பொய்யனாக்கினவருக்கு இங்க என்ன வேலை? இப்பச் சொல்லுங்க, அது விண்டோஸ்தானே?"

மயிலாள் டைப் அடிக்கிறதை நிறுத்தீருச்சு. பல்லடத்துக் கோழிப் பண்ணை சாகிப்பு கண்ணு முன்னால வந்திருக்கும்.

"ஆமாங்க மொதலாளி."

"அப்படிச் சொல்லுங்க. இந்தக் கருமத்தையெல்லாம் அழிச்சுட்டு, எல்லா மிஷின்லயும் நம்ம விண்டோஸையே போட்டுருங்க."

பகல் முழுக்க சாகிப்பு ஒவ்வொரு மிஷினா உக்காந்து அழிச்சார். அழிக்கறதுக்கு முன்னால அது ஒருக்கா கேக்கும், எல்லாம் போயிரும், பரவால்லீங்களான்னு. ஒய்ங்கற எழுத்தை அமுத்தோணும். அழிச்ச மிஷின்லயெல்லாம் தான் டாஸ்ல தெச்ச சட்டையையே மறுக்கா மாட்டினார். என்ற வாயில வந்த லொள்ளு ஒரு மனுசனை என்ன பாடு படுத்திருச்சுன்னு நெனச்சேன். கடைசி மிஷினுக்கு வந்ததும் சாகிப்பு எந்திரிச்சுட்டார்.

"கிட்டுசாமிங்க, இந்த ஒண்ணை மட்டும் நீங்க அமுத்தீர்றீங்களா? எனக்குக் கை வரலீங்க."

சொல்லிட்டு செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டார். நான் உக்காந்து, ஒய்யை உட்டுட்டு, வேண்டாம்ங்கற 'என்' எழுத்தை அமுத்தினேன். சாகிப்பு திரும்பாமயே கேட்டார்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க பாய்"னேன்.