தொடக்கூடாத கைகள்

ஹெனெலி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார். சேப்பங்கிழங்கைப் பிசைந்து ஒரு கவளம் போட்டேன். மென்றுகொண்டே, "தேங்காய்ப்பால் கம்மிக்கா. உங்க ஊர்ல விருந்துக்கே இப்படித்தான் போடுவாங்களா?" என்றார். ஊட்டுகிறவளிடமே குறை சொல்கிற ஆள். அவருடைய கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

எங்கள் தீவின் தலைவர் போன மாதம் காலமானார். தலைவரின் உடலைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவுவது ஹெனெலி வம்சத்தின் வேலை. தொட்ட கை தபு. கையை விடுவிக்கும் சடங்கு நடக்கும்வரை அதனால் சோற்றையோ மனிதரையோ தொடக்கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட, "அக்கா, விரட்டுக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரியான என்னைக் கூப்பிட வேண்டும்.

தபு எங்கள் டோங்கா தீவுகளின் சொல். எந்தக் காலத்திலோ இங்கே வந்த வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் அதைத் தன் ஊருக்கு எடுத்துப்போனான். இன்று இங்கிலீஷ்காரர்களுக்கு 'டபூ' என்றால் நாலு பேர் முன்னால் பேசக்கூடாத பேச்சு. அவ்வளவுதான். பாதி அர்த்தத்தைக் கடற்கரையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான் பாவி. சாமியும் சாவும் ஒன்றாகக் குடியிருக்கிற அந்தப் பாதி, இந்த மனிதரின் பத்து விரல்களில் இருக்கிறது.

"எங்க சித்தப்பா தபு கையோட மகளைத் தூக்கினாரு. உடம்பு வீங்கி, மூணாம் நாளே போயிருச்சு. என் கண்ணால பார்த்தேன்" என்பார். நான் இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், முப்பது வருஷமாகிறது. சிரிக்க முடியவில்லை.

முன்பெல்லாம் கை தபுவானால் அவருக்கு ஊட்டுவது மனைவி லாவினியா. "பெரிய ராசா! வாயைத் திற" என்று கன்னத்தில் இடித்து இடித்து ஊட்டுவாள். இந்தத் தடவை அவளே பாயில் கிடக்கிறாள். சர்க்கரை வியாதி முற்றி சிறுநீரகம் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். சடங்கை நடத்த வேண்டிய புதுத் தலைவரோ ஆக்லாந்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள்.

"யோவ், கன்னத்தை ஒரு தடவை தொட்டுட்டுப் போ."

"தொட்டா செத்துருவ, புள்ள."

"தொடாட்டி மட்டும் பொழைச்சுக்குவனா?"

அவர் அழுதார். துடைத்துக்கொள்ள வழியில்லாமல் கண்ணீர் தாடைவரை வழிந்தது, நான்தான் துடைத்துவிட்டேன். பிறகு கிழங்குத் தட்டோடு அவளிடம் போனேன். அன்னம் இறங்கி இரண்டு நாளாகிவிட்டது அவளுக்கு. ஒரு வாய் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரு குடுத்தாத் திங்கிறேன்."

"அவர் எப்படிம்மா கொடுப்பார்?" என்றேன். எரிச்சல்தான் வந்தது.

ஹெனெலி எழுந்து வந்து பாயோரம் முழங்காலிட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றின் மணிக்கட்டை இன்னொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார். குனிந்து, தட்டிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கைப் பல்லால் கவ்வி எடுத்து, அவள் உதட்டருகே கொண்டுபோனார்.