சுண்ணாம்பு படாத குழி

காலை 7.20, கண்டியிலிருந்து பன்வில பஸ். டிக்கெட் நூற்றிருபது ரூபாய். மடவளையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த துணிக்கடை நானா, முஸ்லிம் அண்ணன் ஒருவர், என் மடியிலிருந்த சுருட்டிய தாளைப் பார்த்தார்.

"என்ன இது, படமா?"

"ஆமா நானா. முப்பது வருஷத்துக்கு முந்தி செவத்துல ஒன்னப் பிழையா வரைஞ்சிட்டேன். திருத்தக் கொழும்புலேருந்து போறேன்."

"அல்லாஹ்! சுண்ணாம்பு அடிச்சா முடியிற வேலைக்கு இவ்வளவு தூரமா?"

நல்ல கேள்விதான். தீபாவளிக்கு முன், அந்தச் சுவர் இருக்கும் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அதைப் பார்த்துக்கொள்ளும் மல்லிகா போனில் சொல்லியிருந்தாள்: "இந்த வாட்டி செவரு பூரா அடிக்கணுமாம். ஒங்க படம் வேணும்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள வாங்க."

படம், ஒரு புரோட்டான். அப்போது எனக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. இயற்பியல், பழைய புத்தகங்களைப் பார்த்து நானாகப் படித்தது. வட்டத்துக்குள் மூன்று குவார்க் துகள்கள், பம்பரங்களாக. மூன்றின் சுழற்சியையும் கூட்டினால் புரோட்டானின் சுழற்சி என்று கீழே எழுதினேன். அந்நாளில் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த மல்லிகா படத்தைப் பார்த்துக் கேட்டாள்: "உள்ளுக்குள்ள ஓடித் திரியுமே, அந்தச் சுத்து எங்க?" எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டேன். ஒரு மாதம் அவள் வாசிகசாலைப் பக்கம் வரவில்லை.

9.05, பன்வில. அங்கிருந்து ஆட்டோவில் இரண்டு மைல். வாசிகசாலைச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். மல்லிகா வருடா வருடம் படத்தைச் சுற்றியே வெள்ளையடிக்க வைத்திருக்கிறாள். சுண்ணாம்பு தடித்து, படம் தட்டுப்போல் குழிக்குள் கிடந்தது.

"நீ கேட்டதுதான் சரி மல்லிகா. அளந்து பாத்துட்டாங்க. மூணு பம்பரமும் சேந்து மூணுல ஒரு பங்குதான் வருது. மிச்சம் அதுகள ஒட்டி வச்சிருக்கிற குளுவான்லயும், நீ சொன்ன ஓட்டத்துலயும். பழைய சமன்பாட்டுல குவார்க்கோட சுழற்சி மாறாதுன்னு இருக்கும். ஆனா குவாண்டம் பிறழ்வுன்னு ஒன்னு இருக்கு, அதால குளுவான் உள்ள பூந்து அதையும் மாத்திருது."

"அப்ப எல்லாம் வெளங்கிருச்சா?"

"இல்ல. எதுல எவ்வளவுன்னு இன்னும் தேடுறாங்க."

"அவங்களுக்கே தெரியல. நீங்க ஏன் அன்னைக்கு அப்பிடிச் சிரிச்சீங்க?"

"மன்னிச்சிரு" என்றேன்.

சுண்ணாம்பு வாளியோடு நின்றவர் கேட்டார்: "அக்கா, அடிக்கவா?"

"அந்தக் குழிய மட்டும் விடுங்கண்ணே. இவரு எழுத வேண்டியது பாக்கி இருக்கு."

படத்துக்குக் கீழே அவளுடைய கேள்வியை எழுதினேன், பக்கத்தில் அவள் பெயரை. கொண்டுபோன தாளை விரிக்கவேயில்லை.

பிற்பகல் 2.40, திரும்பும் பஸ். கொழும்பில் என் வீட்டுச் சுவர்கள் பளிச்சென்று இருக்கின்றன. என் பிழையொன்றை முப்பது வருஷம் யாரும் அங்கே காத்துவைக்கவில்லை.